கையைத் தூக்கிய மாப்பிள்ளை

எங்கள் அப்பாவுக்கு, அக்காவைக் கட்டிய மாமாவை முதல் நாளே பிடிக்காமல் போனதற்குக் காரணம், மாமா சொன்ன ஓர் உண்மை.

அக்காவைப் பெண் பார்க்க எங்கள் ஊர் குன்னத்தூருக்கு வந்திருந்தார்கள். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. பலகாரம் சாப்பிட்டாகிவிட்டது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசி முடித்து, இனி நாள் குறிக்கலாம் என்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள். அப்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லீர்றனுங்க. எனக்கு எடது காது அரைவாசிதான் கேக்குமுங்க. சின்னதுல சீழ் புடிச்சு அப்பிடி ஆயிருச்சு."

அவருடைய அம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்தக் காதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக்கூடத் தெரிந்திருக்காது. அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய கார் தெருமுனை திரும்பியதும் அம்மாவிடம் சொன்னார்: "கேக்காமயே ஒருத்தன் தன்ற குறையைச் சொல்றான்னா என்ன அர்த்தம்? சின்னதைக் காட்டிப்போட்டுப் பெருசை மறைக்கறான்னு அர்த்தம்."

அப்பா அப்படிப்பட்டவர். பருத்தியை மார்க்கெட்டுக்கு அனுப்பும் முன் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். அந்தத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துத் தராசில் மறுபடி நிறுப்பார். யாராவது சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்துவிட்டுப் போனால், "இவனுக்கு நம்மகிட்ட என்ன ஆகோணுமாமா?" என்பார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க ஓர் ஆளை அனுப்பினார். போனவர் திரும்பி வந்து, அந்த ஊரில் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்றார். அப்பா வேறோர் ஆளை அனுப்பினார். "ஒரு ஊர்ல ஒருத்தங்கூடக் குறை சொல்லலீன்னா, விசாரிச்ச ஆளு சரியில்லே."

கடைசியில் அக்காதான் முடித்து வைத்தாள். "பாதிதான் கேக்கும்னா எனக்கு வசதிதானுங்கப்பா. நான் கத்தறதுல பாதி அவருக்குப் போகாது."

மாமா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகுதான், காதைப் பற்றி அவர் சொன்னது ஏதோ அன்றைக்கு மட்டும் வந்த துணிச்சல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தப்புச் செய்தால் அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது அவருக்குத் தும்மல் மாதிரி. அடக்க முடியாது. காதர்பேட்டைக் கடைவீதியில் ஒருமுறை காரைப் பின்னால் எடுக்கும்போது, நின்றிருந்த ஸ்கூட்டர் ஒன்றை இடித்துவிட்டார். சொந்தக்காரர் அங்கே இல்லை. கைப்பிடிக் கண்ணாடி கொஞ்சம் திரும்பியிருந்தது, வேறொன்றுமில்லை. நானும் அக்காவும் காருக்குள் உட்கார்ந்திருக்க, மாமா இறங்கிப் போய் அந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டார். எவ்வளவோ நேரம் கழித்து வந்த ஸ்கூட்டர்காரர், முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் வண்டிக் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சட்டையைப் பிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகும் பிடியை விடவில்லை. முன்னைவிட அதிகமாக முறைத்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்ததெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களைப் போகவிட்டார்.

"நாம பாட்டுக்கு வந்திருந்தா இந்நேரம் ஊடு போய்ச் சேந்திருக்கலாமுங்க" என்றாள் அக்கா.

"ஆமா" என்றார் மாமா. அதையும் ஒத்துக்கொண்டார்.

இப்படி இருப்பவரைப் பார்த்தால் நல்ல மனிதர் என்று நினைக்கத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அப்பாவின் மகள். தன் தப்பை நாலு பேர் கேட்கச் சொல்வதிலும் ஒரு ருசி இருக்கத்தானே செய்யும், அந்த ருசிக்காகத்தான் சொல்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்ப்பேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

நல்லூரில் வீடுகளுக்கு நடுவே எங்கள் பனியன் கம்பெனி. கீழே தையல், மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். அப்பா முதல் போட்டிருந்தார், மாமா நடத்தினார். படிப்பை முடித்துவிட்டு நான் அங்கே மெர்ச்சன்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவதும் சாம்பிள் அனுப்புவதும் என் வேலை. சாயங்காலமானால் மாமாவுக்கு ஒரே ஓர் இடம்தான். எக்ஸ்போர்ட்டர்கள் கூடும் கிளப் ஒன்றின் மாடியில், பச்சைத் துணி விரித்த இரண்டு பெரிய ஸ்னூக்கர் மேசைகள் கிடந்தன. கோயமுத்தூரில் ஜவுளிப் படிப்புப் படித்த காலத்தில் பழகிய ஆட்டம். மாநிலத்துக்காக ஆடுகிற அளவுக்கு வந்திருந்தார். மற்ற எக்ஸ்போர்ட்டர்கள் அங்கே சீட்டாடவும் ஆர்டர் பேசவும் போவார்கள். மாமா ஆட மட்டும்தான் போவார்.

பையர் போனில் காத்திருக்கிறார் என்று கூப்பிட ஒருநாள் நானே அங்கே போனேன். ஆட்டம் முடியட்டும் என்று நின்றபோது மாமா எனக்கு விளக்கினார். "இந்தக் குச்சியோட நுனி வெள்ளைப் பந்தை மட்டுந்தான் தொடோணும் அம்மிணி. வெள்ளை போய் மத்ததை அடிக்கோணும். நம்ம வெரலு, சட்டைக் கை, எது எந்தப் பந்துல பட்டாலும் ஃபவுல். புள்ளி எதிராளிக்குப் போயிரும்."

"நடுவர் பாக்கலீன்னா?"

"நாமளே கையைத் தூக்கிச் சொல்லீறோணும்."

"சொல்லலீன்னா என்னுங் மாமா?"

அவர் நான் கேட்டது புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "அப்பறம் அடுத்த அடி எப்பிடி அடிக்கறது?" என்றார்.

கிளப்பில் அவருக்கு 'ஃபவுல் மாப்பிள்ளை' என்றே பெயர். அங்கே அவரோடு ஆடும் ஒரு நிட்டிங் கம்பெனிக்காரர், அன்று படியில் என்னோடு இறங்கும்போது சொன்னார். "உங்க மாமா தங்கமானவருங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஜெயிக்கற ஆட்டத்துலதான் அவரு கையைத் தூக்கறாரு. தோக்கற ஆட்டத்துல அவரு மேல ஒரு பந்தும் படறதே இல்லீங்களே."

அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பிறகு போனபோதெல்லாம் கவனித்தேன். அவர் சொன்னது சரிதான்.

அதே வருடம் கம்பெனியில் ஒன்று நடந்தது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய போலோ டி-ஷர்ட்டுகள் பெட்டி பெட்டியாக மாடியில் அடுக்கியிருந்தன. சரக்கின் தரம் பார்க்க பையர் அனுப்பிய க்யூசி வந்து, தனக்குத் தோன்றிய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் காரில் ஏறிவிட்டார். மாமா படியிறங்கி ஓடினார்.

"சார், ஒரு நிமிசமுங்க. காலர் துணிக்கு ரெண்டு தடவையாச் சாயம் போட்டோம். சில பீஸ்ல கலர் லேசா மாறியிருக்குமோன்னு எனக்கொரு சந்தேகமுங்க."

க்யூசி காரிலிருந்து இறங்கினார். எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கச் சொன்னார். செக்கிங் பெண்கள், பேக்கிங் ஆட்கள், நான் என்று எல்லோருமாகப் பொழுது சாயும்வரை ஒவ்வொரு காலராக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு பீஸில்கூட நிறம் மாறியிருக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே அந்த க்யூசிக்குப் போதுமானதாக இருந்தது. காலரைக் காட்டிவிட்டு வேறெதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஷிப்மெண்டை நிறுத்திவைத்தார். கப்பலைத் தவறவிட்டோம். எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த பையர் அடுத்த சீசனுக்கு வரவேயில்லை.

அப்பா குன்னத்தூரிலிருந்து மொபெட்டில் வந்து இறங்கி, பெட்டிகள் இல்லாத வெறும் மாடியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தாளு நினைச்சது சரிதான் அம்மிணி. மாப்ளை எதையோ மறைக்கறாரு. என்னன்னு பாத்து வையி."

பார்த்து வைத்தேன். மாமாவின் போன் வந்தால் காதைத் தீட்டிக்கொள்வேன். அவர் தன் அறைக்குள் யாரோடு பேசுகிறார், எங்கே போகிறார் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் குறையவில்லை.

பிறகுதான் அந்தப் பெரிய போட்டி வந்தது. ஆசிய நாடுகளெல்லாம் சேர்ந்து ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று சகலமும் ஆடும் விளையாட்டு விழா. வளைகுடா நாடு ஒன்றில் நடந்தது. அதில் ஸ்னூக்கரும் இருந்தது. நாட்டு அணியில் மாமாவைச் சேர்த்திருந்தார்கள். ஊரே அமர்க்களப்பட்டது. பனியன் தைக்கும் ஊரிலிருந்து ஒருவர் தேசத்துக்காகப் போகிறார் என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அப்பாவும் நல்லூரில் ஒன்று கட்டினார். ஃப்ளெக்ஸ் அடித்தவன் மாமாவின் முகத்தைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மாமா இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தார். மூன்றாவதில் ஜெயித்தால் பதக்கம் உறுதி. அது ஒரு மத்தியான நேரம். விளையாட்டுச் சேனலில் காட்டினார்கள். கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் டிவி வைத்து, மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி. அக்கா நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கதவோரத்தில் இருந்தாள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட் கோட்டும் போட்டு மாமா வேறு யாரோ போலத் தெரிந்தார்.

ஆட்டம் சுற்றுக்குச் சுற்று சமனாகப் போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மேசையில் மூன்றே பந்துகள் மிச்சம். நீலம், பிங்க், கறுப்பு. மாமா கொஞ்சம் முந்தியிருந்தார். நீலத்தை விழ வைத்தால் ஏறக்குறைய முடிந்த மாதிரி. நீலம் எட்டத்தில் இருந்தது. அவர் மேசையின் மேல் நன்றாகச் சாய்ந்து, குச்சியை நீட்டினார். பிங்க் பந்து அவருடைய நெஞ்சுக்குக் கீழே, கிட்டத்தில் இருந்தது.

அவர் அடிக்கவில்லை. மெல்ல நிமிர்ந்தார். இடது கையைத் தூக்கினார். நடுவரிடம் ஏதோ சொன்னார். வெள்ளைக் கையுறை போட்ட அந்த நடுவர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு ஃபவுல் என்று அறிவித்தார். புள்ளி எதிராளிக்குப் போனது. எதிராளி வந்து நீலத்தை விழ வைத்தார், பிங்கையும் விழ வைத்தார். இனிக் கறுப்பு விழுந்தாலும் எட்டாது என்று மாமா அவரிடம் கை கொடுத்தார்.

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் என் முழங்கையைத் தொட்டு, "ஏன்க்கா, சாரு எதுக்குக் கையத் தூக்கிட்டாவ? அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பாவல்லா?" என்று கேட்டாள்.

சேனலில் அந்த இடத்தை மறுபடி மறுபடி காட்டினார்கள். முன்னாலிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை. வர்ணனையாளர்கள் இப்படியொரு நேர்மையா என்று உருகினார்கள். அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கும்படி உட்கார்ந்து பார்த்தார். பிங்க் பந்து அசையவில்லை. வெயிஸ்ட் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்ததோ என்னவோ.

"எங்கீங்க பட்டுச்சு?" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

மாமா ஊர் திரும்புவதற்குள் பேச்சு முந்திக்கொண்டது. எங்களிடம் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பனியன் வாங்கும் காதர்பேட்டை வியாபாரி, டீ குடித்துக்கொண்டே என் காதில் விழும்படி பேக்கிங் மாஸ்டரிடம் சொன்னார்: "இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் காசு கட்டற பெட்டிங் பெரிய லெவல்ல நடக்குதாமா. படாத பந்தைப் பட்டுதுன்னு சும்மா ஒருத்தர் சொல்வாரா?" அடுத்த வாரம், முன்பே சொல்லிவைத்திருந்த புது மிஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பாங்க் லோனில் வாங்கியது. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மாமா விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் பையைத் திறந்து ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டினார். "இது என்னைத் தோக்கடிச்சவரு குடுத்ததுங்க. வேண்டாமுன்னு சொன்னன், கேக்கலீங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா அந்தக் கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் விலை விசாரித்தார். சாதாரணக் கடிகாரம் என்றார்கள். அப்பா திரும்பி வந்து என்னிடம், "பாக்கறவங்க ஒண்ணும் நினைக்கக் கூடாதுன்னு வெலை கம்மியாப் பாத்துக் குடுத்திருக்கறாங்க" என்றார்.

மாமாவின் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்கும்போது அக்கா ஒவ்வொரு சட்டைப்பையாகக் கை விட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குன்னத்தூரில் இருந்தோம். கறிச்சோறு சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னால், யாரும் எழுந்திருக்கும் முன், அப்பா கேட்டுவிட்டார்.

"மாப்ளைங்க, ஒண்ணு கேக்கறனுங்க. தப்பா நினைச்சுக்கக் கூடாது. அன்னிக்கு அந்தப் பந்து பட்டுச்சுங்களா, படலீங்களா?"

மாமா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா ரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"தெரியலீங்க மாமா" என்றார் அப்பாவிடம்.

"தெரியலீன்னா?"

"நெசமாத் தெரியலீங்க. சாயறப்ப என்னமோ பட்டாப்ல ஒரு நெனப்பு வந்துது. துணிதானா, பந்தா, ஒண்ணுமே இல்லியா, தெரியல. நெனப்பு வந்தப்பறம் அடிக்க முடியாதுங்க. கை வராது. கையைத் தூக்கிட்டாத்தான் மூச்சே வரும்."

"அப்ப அன்னிக்குக் காலரு?" என்று நான் கேட்டேன்.

"அதும் அப்பிடித்தான் அம்மிணி."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு நினைப்புக்காகவா இத்தனையும் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே பாத்திரங்கள் விழுந்த சத்தத்தில் அந்தக் கேள்வி இருந்தது. மாமா நன்றாகக் கேட்கும் வலது காதை அந்தப் பக்கம் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெட்டிங்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அன்றைக்கு எங்கள் வீடு அவ்வளவு பயந்திருக்காது.

எல்லோரும் போன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நான் ஊரை நம்பறதில்லே. மாப்ளை தன்னையே நம்பறதில்லே. அந்த மனுசன் எப்பிடி இந்நாள் வரைக்கும் சோறு தின்னாரோ."

வாய்விட்டுச் சொன்னதாலோ என்னவோ, அதற்குப் பிறகு அது வளர்ந்தது. முன்பு தும்மலாக இருந்தது இப்போது விடாத இருமலாகிவிட்டது. பேக்கிங் மாஸ்டர் என்னிடம் வந்து, "மேடம், டேப் போட்ட பெட்டியைத் திரும்பத் திரும்பப் பிரிக்கச் சொல்றாருங்க. எண்ணிக்கை சரியா இருக்குது, கலரு சரியா இருக்குது. என்ன பாக்கறாருன்னு அவருக்கே சொல்லத் தெரியிலீங்க" என்றார். மாமா கார் ஓட்டுவதை நிறுத்தினார். காரணத்தை அக்கா ஒருநாள் சொன்னாள். "ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி ஏறி இறங்குனாப் போதும். திருப்பிக்கிட்டுப் போயி, யாராச்சு அடிபட்டுக் கெடக்கறாங்களான்னு பாக்கறாரு. ஒரே தெருவுல எத்தனை வாட்டி சுத்தறது?"

சொல்லும்போது அவள் அழவில்லை. ரொம்பவும் களைத்திருந்தாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இது பலருக்கு வருகிற நோய்தான் என்று அவர் சொல்லி மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. கை வரவில்லை.

கை வரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவசர வேலையாகக் கிளப்புக்குப் போனபோது, மாடியறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே மாமா தனியாக இருந்தார். மேசைமேல் குனிந்தார். குச்சியைப் பின்னுக்கு இழுத்தார். அடிக்காமல் நிமிர்ந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். இப்படியே. பிறகு, ஒரு பந்தும் அசையாத அந்த மேசைக்கு முன்னால், யாருமில்லாத அறையில், இடது கையைத் தூக்கினார். குச்சியைக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் புத்தியைச் சொல்ல வேண்டும். அப்போதும் எனக்கு, நான் நிற்பது கண்ணாடியில் தெரிந்திருக்குமோ, அதற்காகத்தான் இப்படிச் செய்கிறாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. நான் நின்ற படிக்கட்டு இருட்டு. அவர் எனக்கு முதுகு காட்டி இருந்தார். அப்படியும் ஓடியது.

கதவைத் தட்டாமல் இறங்கி வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா தினமும் கம்பெனிக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் போகும் பீஸ்களில் கைக்கு வந்ததை எடுப்பார். இழுத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார். முகத்துக்கு வெகு அருகில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில், கடன் கொடுப்பவர்போல மனசில்லாமல் சொல்வார்: "சரியா இருக்குதுங்க மாப்ளை. ஒட்டச் சொல்லுங்க."

மாமா தலையாட்டுவார். டேப் போடுவார்கள். அந்தப் பெட்டியை அவர் மறுபடி பிரிக்கச் சொல்ல மாட்டார்.

டாக்டர் சொல்லியும், அக்கா சொல்லியும், நான் சொல்லியும் நடக்காதது அப்பா சொன்னால் நடந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் 'சரியா இருக்குது' என்றால், அவர் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறோம் என அவருக்குச் சந்தேகம் வரும். அப்பா ஒரு பொருளைச் சரி என்று சொல்லி இந்த உலகத்தில் யாரும் கேட்டதில்லை. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னபோதுகூட, "பாப்போம்" என்றவர் அவர்.

மாமா அதற்குப் பிறகு நாட்டுக்காக ஆடவில்லை. கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டார். காதர்பேட்டையில் அந்தப் பேச்சு சாகவுமில்லை. மிஷின் வாங்கினால் அதற்கும், பெண் குழந்தைக்குக் கம்மல் போட்டால் அதற்கும், அந்த பிங்க் பந்தைத்தான் காரணம் சொன்னார்கள். சொல்லட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். கம்பெனியில் பெட்டிகள் நேரத்துக்குப் போயின. அவள் எங்களுக்கு அதைத்தான் பெரிதாகச் சொல்வாள்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவரே மாமாதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆபரேஷனுக்கு நாள் குறித்து வந்ததும் அவர்தான். "எதிர்ல வர்றது நீயா, உங்கக்காளான்னே எனக்குத் தெரியறதில்லே" என்று அப்பாவே என்னிடம் ஒத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கம்பெனி விட்டுப் போகும் வழியில், "மாப்ளை ஆடற எடத்தை நானும் ஒருக்காப் பாக்கறனே" என்றார்.

மூவருமாகப் போனோம். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு அப்பா ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி ஏறினார். மேசையருகில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சீட்டாடிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்பா பச்சைத் துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல துணிதான்" என்றார்.

மாமா வெள்ளைப் பந்தை வைத்தார். எட்டத்தில் ஒரு சிவப்பு. அதற்குச் சாய வேண்டுமானால், நெஞ்சுக்குக் கீழே இன்னொரு பந்து வரும்படி இருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. சாய்ந்தார். குச்சியை இழுத்தார். நின்றுவிட்டார். நெற்றியோரம் வியர்த்தது. சாய்ந்த நிலையிலேயே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"மாமா, பட்டுச்சுங்களா?"

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து, மேசைப் பக்கமாக முகத்தை நீட்டினார். அவர் பார்த்தது கொஞ்சம் இடது புறமாக, ஒரு பந்தும் இல்லாத இடத்தில். நன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"படலீங்க மாப்ளை. அடிங்க."

சத்தம் கேட்டது. ஒரு பந்து மற்றதில் மோதும் அந்தச் சின்னச் சத்தம். அப்பா என் பக்கம் சாய்ந்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"அம்மிணி, உளுந்துதா?"

நான் வாயைத் திறக்கும் முன், மேசைக்கு அந்தப் பக்கமாக நடந்துகொண்டே மாமா சொன்னார்.

"உளுந்துருச்சுங்க மாமா." சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குக் குனிந்தார்.